சி.எஃப்.பி.பி புகார் சேவை: எங்கள் வீட்டுக் கதையும் எலிசபெத் வாரன் வீட்டுக் கதையும்

வங்கியோடோ, கிரெடிட் கார்டு கம்பெனியோடோ, வீட்டுக் கடன் கொடுத்தவர்களோடோ தகராறு வந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டே சமைத்து முடித்த அனுபவம் அமெரிக்காவில் இருக்கும் நம் பெண்கள் பலருக்கும் இருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சி.எஃப்.பி.பி என்று சுருக்கமாகச் சொல்லும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, மத்திய அரசின் ஓர் அலுவலகம். அங்கே இணையத்தில் புகார் கொடுக்கலாம், காசு கிடையாது. நான் 2023-ல் கொடுத்தேன்.

எங்களுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாசசூசெட்ஸில் ஃபிரேமிங்ஹாமில் வாடகைக்கு இருந்தோம். மகன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் முன்னால் சொந்த வீட்டுக்கு மாறிவிட வேண்டும் என்று ஆறு வருடம் சேர்த்த பணம் கையில் இருந்தது. 2023 ஜனவரியில் ஒரு வீடு பிடித்துப்போனது. பின்பக்கம் ஒரு மேப்பிள் மரம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேராக அந்த மரம்தான். கடனுக்கு விண்ணப்பித்தோம். மூன்றாம் நாள் கடன் அதிகாரி கூப்பிட்டார்: "உங்கள் கணவரின் கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் மதிப்பெண்) 638 காட்டுகிறது. டெக்சஸில் வாங்கிய கார் கடனில் நான்கு தவணை பாக்கி இருக்கிறதே?"

என் கணவர் டெக்சஸில் விமானம் மாறியிருக்கிறார். அதைத் தவிர அந்த மாநிலத்தில் கால் வைத்ததில்லை.

காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியலாக நிற்கும். இங்கே வந்ததும் அதுவே கடைசிப் பெயராகிவிடுகிறது. என் கணவர் பெயரும் மாமனார் பெயரும் நம் பக்கம் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கிற பெயர்கள். இரண்டும் சேர்ந்த அதே பெயரில் டெக்சஸில் இன்னொருவர் இருக்கிறார். கடன் வரலாறு வைத்திருக்கும் ஒரு நிறுவனம் அவருடைய கணக்கை எடுத்து இவருடைய கோப்பில் போட்டுவிட்டது. இதற்கு இங்கே 'மிக்ஸ்ட் ஃபைல்' என்றே ஒரு பெயர் இருக்கிறது. ஒரே மாதிரிப் பெயர்கள் அதிகம் உள்ள எல்லாச் சமூகங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

அந்த நிறுவனத்துக்கு நேரடியாக எழுதினோம். சட்டப்படி அவர்கள் பொதுவாக 30 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். விசாரித்தோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது: "தகவல் சரிபார்க்கப்பட்டது." ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது எல்லாவற்றையும் வைத்துப் பதிவுத் தபாலில் மறுபடி அனுப்பினோம். திரும்பவும் அதே இரண்டு வரி. போன் செய்தால் இயந்திரம் பேசியது. மனிதர் கிடைத்த அன்றும் அவர் அந்த இரண்டு வரியைத்தான் வாசித்துக் காட்டினார்.

அந்த ஸ்கோரோடு கடன் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் கேட்ட வட்டி, முதலில் பேசியதைவிடக் கிட்டத்தட்ட ஒரு சதவீதப் புள்ளி அதிகம். நாங்கள் கேட்ட 4,80,000 டாலருக்கு மாதம் சுமார் 280 டாலர் கூடுதல். முப்பது வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒரு லட்சம் டாலர். இன்னொருவர் கட்டாத கார் தவணைக்காக! வேண்டாம் என்றோம். வீட்டை விற்பவர் காத்திருக்கவில்லை. மேப்பிள் மரம் வேறு யாருக்கோ போய்விட்டது.

மார்ச் மாதம் ஆஷ்லாண்ட் லட்சுமி கோயிலில் தரிசனம் முடித்து வெளியே வரும்போது, எனக்குப் பழக்கமான ஓர் அக்கா கேட்டார்.

"ஏன்டி முகம் இப்படி இருக்கு?"

சொன்னேன்.

"சி.எஃப்.பி.பி-ல போட்டியா?"

"அப்படின்னா என்னக்கா?"

"எலிசபெத் வாரன் கொண்டுவந்தது. இன்னிக்கு ராத்திரியே உக்காந்து போடு. அவங்க கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்."

அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம் காகிதங்களை ஸ்கேன் செய்யப் போனது. பக்கம் எளிமையாக இருந்தது. எந்த வகைக் கடன், என்ன பிரச்சினை, எந்த நிறுவனம் என்று வரிசையாகக் கேட்டது. அப்புறம் ஒரு பெரிய பெட்டி வந்தது: என்ன நடந்தது, உங்கள் வார்த்தைகளில் எழுதுங்கள். அதன் பிறகு இன்னொன்று: எது நடந்தால் உங்களுக்கு நியாயம் கிடைத்ததாகும்?

அந்த இரண்டாவது கேள்வியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டேன். மூன்று மாதமாக எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறோம். ஒருவர்கூட எங்களிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

ஒன்பதாம் நாள், விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று அந்த நிறுவனத்திடமிருந்து வந்தது. இருபத்தாறாம் நாள் இறுதிப் பதில்: கணக்கு நீக்கப்பட்டது, கோப்பு திருத்தப்பட்டது. ஸ்கோர் 791-க்குத் திரும்பியது. ஆகஸ்டில் வேறொரு வீடு வாங்கினோம். மரம் இல்லை, ஆனால் பள்ளிக்கு நடந்தே போகலாம்.

நம் புகாரை சி.எஃப்.பி.பி அந்தந்த நிறுவனத்துக்கு அனுப்புகிறது. நிறுவனம் பொதுவாக 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சிக்கலான விஷயம் என்றால் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு 60 நாள்வரை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்திலும் நமக்கு மின்னஞ்சல் வரும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் பெரியவர்கள் போனிலும் சொல்லலாம். 180-க்கும் மேற்பட்ட மொழிகளில் உதவி உண்டு என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். நாம் சம்மதித்தால் புகாரில் நாம் எழுதியது, நம்மை அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டு, பொதுவில் வெளியாகும். நான் சம்மதம் கொடுத்தேன். என்னைப் போல வேறொரு பெண் அர்த்தராத்திரியில் தேடும்போது இது ஒன்று கண்ணில் படட்டுமே என்றுதான்.

சரி, இதையெல்லாம் யோசித்தது யார்? வேலை முடிந்த பிறகுதான் எனக்கு அந்த ஆர்வம் வந்தது. அக்கா சொன்ன எலிசபெத் வாரன், எங்கள் மாநிலத்து செனட்டர் என்று பெயர் தெரியும். டிவியில் வேகமாகப் பேசும் ஒரு ஹார்வர்டு பேராசிரியை என்ற அளவில்தான் வைத்திருந்தேன். படிக்கப் படிக்க, அவர் வீட்டுக் கதை எனக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது.

1949-ல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். மூன்று அண்ணன்கள், மூவரும் ராணுவத்தில் இருந்தவர்கள். அப்பா விற்பனையாளர். எலிசபெத்துக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவச் செலவு ஒரு பக்கம், குறைந்துபோன சம்பளம் ஒரு பக்கம். கடன் கட்ட முடியாமல் கார் போய்விட்டது. வீடும் போய்விடுமோ என்ற நிலை. அதுவரை வெளி வேலைக்குப் போகாத அம்மா, தன்னிடம் இருந்த நல்ல உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டு சியர்ஸ் கடைக்கு நடந்து போய், குறைந்தபட்சக் கூலிக்குப் போன் எடுக்கும் வேலையில் சேர்ந்தார். அந்தச் சம்பளம்தான் வீட்டைக் காப்பாற்றியது.

எனக்கு மதுரை செல்லூர். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். எனக்குப் பதினொரு வயதில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆறு மாதம் படுத்துவிட்டார். அம்மா கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. ஒரு காலையில் அம்மா பெட்டியிலிருந்து கல்யாணப் பட்டுக்கு அடுத்தபடியான புடவையைக் கட்டிக்கொண்டு அப்பளக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனார். அப்பளம் தேய்க்கிற வேலைக்கு எதுக்கும்மா நல்ல புடவை என்று நான் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஓக்லஹோமாவில் ஒரு அம்மாவும் வேலை கேட்கப் போகும்போது நல்ல உடுப்பைத்தான் எடுத்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கடன்காரன் தபால் வந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அந்தத் தபாலை எப்படி எடுத்துப் பிரிப்பார்கள் என்று தெரியும். எது நடந்தால் உங்களுக்கு நியாயம் என்று கேட்கும் பெட்டி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இது என் நினைப்புதான்.

பதினாறு வயதில் விவாதப் போட்டித் திறமைக்குக் கிடைத்த உதவித்தொகையில் கல்லூரிக்குப் போனார். பத்தொன்பதில் கல்யாணம், படிப்பு பாதியில் நின்றது. பிறகு ஹூஸ்டனில் பட்டம் முடித்து, சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தார். கைக்குழந்தை வந்த பிறகு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1976-ல் முடித்தார். முடிக்கும்போது வயிற்றில் இரண்டாவது குழந்தை.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். 1980-களில் இரண்டு பேராசிரியர்களோடு சேர்ந்து, திவால் மனு போட்டவர்களின் நீதிமன்றக் கோப்புகளைப் படிக்கப் போனார். ஏமாற்றுக்காரர்களையும் கண்டபடி செலவழிப்பவர்களையும் பார்க்கப்போகிறோம் என்றுதான் நினைத்துப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். கோப்புகளில் இருந்தவர்களோ வேலை போனவர்கள், வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தவர்கள், விவாகரத்தில் தனியாக நின்றவர்கள். பெரும்பாலும் சாதாரண நடுத்தரக் குடும்பங்கள். 1990-களின் நடுப்பகுதிவரை குடியரசுக் கட்சியில் பதிவு செய்திருந்தவர் இவர். தான் நம்பியதற்கு எதிராகக் காகிதம் பேசியபோது காகிதத்தை நம்பினார். அரசியலில் இருக்கிற ஒருவரிடம் நான் மதிக்கிற குணம் அதுதான்.

2003-ல் மகளோடு சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார். கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் குடும்பங்கள், 1970-களில் ஒருவர் மட்டும் சம்பாதித்த குடும்பங்களைவிட ஏன் அதிக ஆபத்தில் இருக்கின்றன என்பது அதன் கேள்வி. இரண்டு சம்பளமும் எங்கே போகிறது? நல்ல பள்ளி இருக்கும் ஊரில் வீடு, மருத்துவக் காப்பீடு, குழந்தைப் பராமரிப்பு, இரண்டாவது கார். துணிமணிக்கும் ஹோட்டலுக்கும் இல்லை. ஒரு சம்பளம் மட்டும் இருந்த வீட்டில் அப்பா படுத்தால் அம்மா வேலைக்குப் போகலாம். இரண்டு சம்பளத்தையும் நம்பித் தவணை எழுதிய வீட்டில் கைகொடுக்க மூன்றாவது ஆள் கிடையாது. பாஸ்டனைச் சுற்றியிருக்கும் நம் ஐடி குடும்பங்களைப் பாருங்கள். பள்ளித் தரவரிசையைப் பார்த்துத்தானே ஊரைத் தேர்ந்தெடுக்கிறோம்? இரண்டு பேர் சம்பளத்தையும் காட்டித்தானே கடன் வாங்குகிறோம்? இதற்கு மேல் விசா கவலை வேறு. ஒருவருக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று நம்மில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

2007-ல் எழுதிய ஒரு கட்டுரையில் டோஸ்டரை வைத்து விளக்கினார். ஐந்தில் ஒன்று தீப்பிடிக்கும் டோஸ்டரை அமெரிக்காவில் யாரும் விற்க முடியாது. ஐந்தில் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தக்கூடிய வீட்டுக் கடனை விற்கலாம். டோஸ்டருக்கு ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கும்போது கடனுக்கு ஏன் இல்லை? அடுத்த வருடமே வீட்டுக் கடன் சந்தை விழுந்து உலகமே ஆடியது. 2010 ஜூலையில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட டாட்-ஃபிராங்க் என்ற நிதித் துறைச் சீர்திருத்தச் சட்டத்தில் இந்த அமைப்பு பிறந்தது. கட்டியெழுப்பும் பொறுப்பு வாரனிடம் வந்தது. 2011 ஜூலை 21-ல் கதவு திறந்தது, முதலில் கிரெடிட் கார்டு புகார்களுக்கு மட்டும். ஆனால் தலைமை இவருக்குக் கிடைக்கவில்லை. குடியரசுக் கட்சி செனட்டர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ரிச்சர்ட் கார்ட்ரே முதல் இயக்குநரானார். வாரன் மாசசூசெட்ஸுக்குத் திரும்பி, 2012 நவம்பரில் தேர்தலில் ஜெயித்து, இந்த மாநிலத்தின் முதல் பெண் செனட்டரானார். 2018-லும் 2024-லும் மறுபடி ஜெயித்தார்.

அவருடைய எல்லாக் கருத்தோடும் எனக்கு உடன்பாடு இல்லை. தனக்கு அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளி உண்டு என்று அவர் சொன்னதும் அதற்காக டி.என்.ஏ பரிசோதனை செய்ததும் தவறு. அந்த மக்கள் வருத்தப்பட்டது நியாயம், அவரும் மன்னிப்புக் கேட்டார். சி.எஃப்.பி.பி-யை எதிர்ப்பவர்களுக்கும் வாதம் இருக்கிறது. ஒரே இயக்குநர் கையில் அதிகாரம், நாடாளுமன்றம் வருடாவருடம் ஒதுக்காமல் நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்விலிருந்து வரும் பணம் என்றெல்லாம் கேட்டார்கள். உச்ச நீதிமன்றம்வரை போனது. இயக்குநரை அதிபர் விருப்பப்படி நீக்கலாம் என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. பணம் வரும் முறை செல்லும் என்று 2024-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. இந்த வாதங்களைக் கேட்கிறேன். ஆனால் அந்த இரண்டு வரிக் கடிதத்தை இரண்டு முறை கையில் வாங்கியவள் நான்.

இந்தச் சேவையால் முடியாததும் உண்டு. இது நீதிமன்றம் இல்லை, நமக்காக வாதாடும் வக்கீலும் இல்லை. நிறுவனத்தைப் பதில் சொல்ல வைக்கும், பதில் நமக்குச் சாதகமாக இருக்கும் என்ற உறுதி கிடையாது. புகார்களில் மிகப் பெரும் பங்கு கடன் வரலாறு பற்றியதுதான், அவ்வளவு பேரில் நாமும் ஒருவர். இழப்பீடு வேண்டும் என்றால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். போன வீடு எங்களுக்குத் திரும்பி வரவில்லை.

இன்றைய நிலைமையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 பிப்ரவரியில் பொறுப்பேற்ற தற்காலிக இயக்குநர் ஊழியர்களை வேலையை நிறுத்தச் சொன்னார், வாஷிங்டன் தலைமை அலுவலகம் மூடப்பட்டது, ஊழியர் சங்கம் நீதிமன்றம் போனது. அதே வருடம் ஜூலையில் வந்த சட்டம், ஃபெடரல் ரிசர்வ் செலவில் 12 சதவீதம்வரை என்றிருந்த இதன் நிதி வரம்பை 6.5 சதவீதமாகக் குறைத்தது. மருத்துவக் கடனைக் கடன் வரலாற்றிலிருந்து நீக்கும் விதியையும் டெக்சஸ் நீதிமன்றம் ஒன்று ரத்து செய்தது. இது என்னை ரொம்பவே பாதிக்கிறது. புகார்களை வாங்க வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்ட கடமை. அதனால் 'அங்கே இப்போது யாரும் இல்லையாம்' என்று கேள்விப்பட்டுப் புகார் போடாமல் இருந்துவிடாதீர்கள். போடுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள், மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

போடுகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டது கொஞ்சம். முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள், அந்தப் பதில்தான் உங்கள் கையில் இருக்கும் பலமான காகிதம். கோபத்தை எழுதாதீர்கள், தேதியை எழுதுங்கள். நான் முதலில் எழுதியது மூன்று பக்கம். கணவர் படித்துப் பார்த்து, "இதில் அழுகைதான் இருக்கிறது, தேதி இல்லை" என்றார். ஒரு பக்கமாகச் சுருக்கினேன். தவறான கணக்கு வரும் பக்கத்தைப் பேனாவால் வட்டம் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். கணக்கு எண்களைக் கதை எழுதும் பெட்டியில் போடாதீர்கள். நியாயம் எது என்ற பெட்டியில் 'உதவுங்கள்' என்று எழுதாதீர்கள். 'இந்தக் கணக்கை நீக்குங்கள், திருத்திய அறிக்கையை இன்ன இடத்துக்கு அனுப்புங்கள்' என்று துல்லியமாகக் கேளுங்கள். ஒரே பிரச்சினைக்கு மறுபடி புகார் போட முடியாது என்பதால் எல்லாக் காகிதமும் சேர்ந்த பிறகு அனுப்புங்கள். பதில் வந்த பிறகு கருத்துச் சொல்ல 60 நாள் இருக்கிறது. அதையும் விட்டுவிடாதீர்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன்.

எங்கள் மகனுக்கு அடுத்த வருடம் பதினெட்டு முடிகிறது. அவனுக்கும் அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். அவன் பெயரில் முதல் கார்டு வாங்குகிற வாரம், கடன் வரலாறு வைத்திருக்கும் மூன்று பெரிய நிறுவனங்களின் இலவச அறிக்கைகளையும் எடுத்து, சாப்பாட்டு மேஜையில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வரி வரியாகப் படிக்கப் போகிறேன்.